பயிற்சிக்களம் தேடும் மருத்துவ மாணவர்

மலேசியாவில் மருத்துவப் பட்டக்கல்வி பெரும்பாலும் ஐந்தாண்டுகள் நீடிக்கிறது. தொடக்கத்தில் உடற்கூற்றியல், மருந்தியல் போன்ற அடிப்படைப் பாடங்களைக் கற்கும் மாணவர்கள், பின்னர் மருத்துவமனையில் நோயாளிகளின் அருகிலிருந்து பயில்கின்றனர். இடையில் சில வாரங்களுக்கு, தாங்கள் விரும்பும் துறையையும் இடத்தையும் தாங்களே தேர்ந்தெடுத்துப் பயிலும் வாய்ப்பும் அவர்களுக்குக் கிட்டுகிறது. இதனை விருப்பத் தேர்வுப் பயிற்சி எனலாம்.

புகழ்பெற்ற பெரிய மருத்துவமனையே இதற்கு ஏற்றது எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்தில் நியாயமும் உண்டு. 1992ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய இருதயக் கழகத்தில் சிக்கலான இதய நோய்களுக்கான சிகிச்சைகளைக் காணலாம். தொற்றுநோய் மருத்துவத்தில் ஆர்வமுள்ளோரை, 2020ஆம் ஆண்டில் கோவிட்-19 பெருந்தொற்றை முன்னணியில் நின்று எதிர்கொண்ட சுங்கை பூலோ மருத்துவமனை ஈர்க்கும். எனினும், பெரிய மருத்துவமனைகளில் ஒரு நோயாளியைச் சுற்றி நிபுணர்களும் பயிற்சி மருத்துவர்களும் மாணவர்களும் கூடி நிற்பர். கடைசி வரிசையில் நிற்கும் மாணவருக்குப் பார்ப்பதற்கு நிறைய இருக்கும். செய்வதற்குக் குறைவாகவே இருக்கும்.

சரவாக்கின் உட்பகுதியில் நிலைமை வேறு. ஏறத்தாழ 124,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அம்மாநிலத்தில் ஆறுகளையும் மலைகளையும் கடந்தே சில சிற்றூர்களை அடைய முடியும். ஹெலிகாப்டரில் சென்று மருத்துவம் செய்யும் பறக்கும் மருத்துவர் சேவையும் அங்கு உண்டு. நவீனக் கருவிகள் குறைந்த சிறு மருந்தகத்தில், நோயாளியிடம் பொறுமையாகக் கேட்டும் தொட்டுப் பார்த்தும் நோயைக் கணிக்க மாணவர் பழகுகிறார். மருந்து எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, அது தீர்ந்ததும் நோயாளி எவ்வளவு தொலைவு வரவேண்டும் என்பதையும் அவர் சிந்திக்கத் தொடங்குகிறார்.

ஆயினும், ஆள்பற்றாக்குறை உள்ள இடத்தில் ஓர் ஆபத்தும் மறைந்துள்ளது. தமக்குத் தெரியாத சிகிச்சையைச் செய்து பார்க்க மாணவருக்கு ஆவல் எழலாம். நோயாளி ஏழையாயினும் தொலைவில் வாழ்பவராயினும் அவர் பயிற்சிப் பொருளல்லர். மேற்பார்வையிட மருத்துவர் இல்லாதபோது, “எனக்கு இது தெரியாது” என்று சொல்லும் துணிவு மாணவருக்கு வேண்டும்.

ஆகவே, இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் மாணவர் சில வினாக்களைத் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். எந்தத் திறன் தம்மிடம் குறைவாக உள்ளது? தம்மை வழிநடத்துபவர் யார்? அங்குள்ள மக்களின் மொழி புரியுமா? பயணச் செலவு, தங்குமிடம், காப்புறுதி ஆகியவற்றுக்கு என்ன வழி? இவற்றுக்கு விடை கண்டபின், காலம் தாழ்த்தாமல் விண்ணப்பிப்பது நலம்.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தின் நான்கு கூறுகளை அடுக்கும்போது நோயாளியையே முதலில் வைக்கிறது. பயிற்சிக்களம் தேடும் மாணவரும் அவ்வரிசையை மனத்தில் கொள்ளல் வேண்டும். மருத்துவமனையின் பெயர் சான்றிதழில் இடம்பெறும். அங்குக் கற்றதோ, பின்னாளில் அவரை நம்பி வரும் நோயாளிக்குப் பயன்படும்.