சேர்த்த பிறகு கவலைப்படுங்கள்

சித்திரைப் பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் ஊர் திரும்பிய மறுவாரமே என் வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கிவிடும். திருவிழாவுக்கு வந்த நாத்தனாரோ சின்ன மாமியாரோ "புள்ள எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கான்?" என்று கேட்டு, பதிலுக்கு உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். அது போதும், அந்தத் தாய்க்கு ராத்தூக்கம் போய்விடும். "டீச்சர், இவன சி.பி.எஸ்.இ.ல மாத்திவிட்ருவமா? வேன் நம்ம தெருவுக்கே வருதாம்" என்று வந்து நிற்பார்.

நான் பள்ளி ஆசிரியை இல்லை. கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு, சிவகாசி பக்கத்து விஸ்வநத்தத்தில் மாலை டியூஷன் எடுக்கிறேன். 2021-ல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலராகவும் இருந்தேன். இந்த வேலையில் ஒரு வசதி உண்டு. பஞ்சாயத்து யூனியன் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக், சி.பி.எஸ்.இ. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்கிறார்கள். பள்ளியின் கட்டடம் என் கண்ணில் படாது, நோட்டு மட்டும்தான் படும்.

பெற்றோரின் கவலையைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. இந்த ஊருக்கு அந்தக் கவலை சும்மா வந்ததல்ல. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988-ல் தொடங்கியபோது சிவகாசியும் அதில் இருந்தது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலை வைத்து எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் காலத்தில் விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஏறிப்போன சிறுமிகள் இன்று பேத்தி எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் போனால் போதும் என்பது அவர்கள் ஆசை. எந்தப் பள்ளிக்கூடம் என்பது அவர்கள் மகள்களின் கவலை. இதை வளர்ச்சி என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

என் புகார் வேறு. இருக்கிற கவலை முழுவதும் மே மாதத்திலேயே செலவாகிவிடுகிறது. ஜூன் பிறந்து பீஸைக் கட்டி, யூனிபார்ம் தைத்து, வேனில் ஏற்றிவிட்டால் "நல்ல இடத்துல போட்டாச்சு" என்று நிம்மதி. அடுத்த பத்து மாதம் பிள்ளையின் கணக்கு நோட்டை வீட்டில் யாரும் திறப்பதில்லை.

ஆந்திராவில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள், 2015-ல் வெளியானது. அரசுப் பள்ளியில் படித்த கிராமத்துப் பிள்ளைகளில் சிலரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, பணம் கொடுத்துத் தனியார் பள்ளிக்கு அனுப்பினார்கள். நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தால், தெலுங்கிலும் கணக்கிலும் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. இந்தியில் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் முந்தியிருந்தார்கள், அங்கே அதற்குப் பாடவேளை ஒதுக்கியதால். இதைச் சொன்னால் அரசுப் பள்ளி ஆதரவாளர்கள் கை தட்டுவார்கள். பாதிதான் தட்டலாம். அந்தத் தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செலவழித்தது அரசு செலவழித்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. எனக்கு அதில் பிடித்த சேதி, பெயர்ப்பலகையை மாற்றினால் மட்டும் பிள்ளைக்குக் கணக்கு வந்துவிடாது என்பது. என் பாயில் தினமும் அதைத்தான் பார்க்கிறேன்.

தேர்ச்சி விகிதத்தை வைத்துப் பள்ளியை எடைபோடுவதும் நம் மாவட்டத்தில் வீண்வேலை. 2023 பிளஸ் டூ முடிவில் விருதுநகர் 97.85 சதவீதத்துடன் மாநிலத்தில் முதலிடம். மாவட்டமே அப்படித் தேறும்போது, 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று ஒரு பள்ளி பிளெக்ஸ் வைப்பதில் என்ன தெரிந்துவிடப் போகிறது? பக்கத்துப் பள்ளியும் வைத்திருக்கிறது. இரண்டையும் அடித்துக் கொடுத்தது நம்ம ஊர் பிரஸ்தான்.

பின்னே எதைப் பார்ப்பது என்று கேட்பவர்களிடம், முதலில் நோட்டைப் பாருங்கள் என்பேன். எழுதப் படிக்கத் தெரியாத தாய்கூடப் பார்க்கலாம். சிவப்பு மை எங்கே இருக்கிறது? பக்கத்தின் கடைசியில் ஒரு பெரிய டிக் மட்டும் இருந்தால், டீச்சர் பக்கத்தைப் புரட்டியிருக்கிறார், படிக்கவில்லை. தப்பை வட்டமிட்டு, பிள்ளை அதைத் திருத்தி எழுதி, அதன்மேல் மறுபடி ஒரு டிக் இருந்தால் அந்த வகுப்பில் பாடம் நடக்கிறது. எந்தப் பள்ளியாக இருந்தாலும் அங்கேயே விடுங்கள். முத்து முத்தான கையெழுத்தில் முழுப் பக்கம் ஆங்கிலம் எழுதிய நாலாம் வகுப்புப் பையன்கள் என்னிடம் வருகிறார்கள். அதில் ஒரு வரியைத் தொட்டு "இதுக்கு என்னப்பா அர்த்தம்?" என்றால் என் முகத்தைப் பார்ப்பார்கள். போர்டில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதியது அது.

அடுத்தது வாசிப்பு. பாடப்புத்தகத்தைக் கொடுத்தால் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், ஏமாறாதீர்கள். கடையில் மடித்துக் கொடுத்த பேப்பர், கல்யாணப் பத்திரிகை, காலண்டர் தாளின் பின்பக்கம், இப்படி முன்பின் பார்க்காத எதையாவது கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். சிவகாசியில் அச்சடித்த தாளுக்கா பஞ்சம்? வாசித்ததைத் தன் சொந்தப் பேச்சில் திருப்பிச் சொல்லத் தெரிகிறதா என்று கேளுங்கள். மூன்றாம் வகுப்பு முடியும்போது தமிழில் இது வரவில்லை என்றால் அப்போது கவலைப்படுங்கள், நன்றாகவே கவலைப்படுங்கள். பள்ளியை மாற்றுவது அதற்கு மருந்து ஆகாது. தினம் அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வைத்தால் தேறிவிடும். அம்மாவுக்கு ஆபீஸ் விட்டு வந்ததும் சமையல் இருக்கும், தெரியும். அவர் வெங்காயம் நறுக்கும்போது பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கட்டுமே.

வேனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காலை ஏழு மணிக்கு முன் ஏறி, ஊர் ஊராகச் சுற்றி, மாலை ஐந்தரைக்கு இறங்கி, ஆறு மணிக்கு என் பாயில் உட்காரும் ஆறு வயதுப் பிள்ளை கூட்டலை மறப்பதில்லை, தூங்கி விழுகிறது. நடந்து போகும் தூரத்தில் சுமாரான பள்ளி இருந்தால், தூரத்து நல்ல பள்ளியைவிட அதையே சின்ன வகுப்புகளுக்கு நான் சொல்வேன்.

கழிப்பறையையும் கேளுங்கள். பள்ளியில் போக அருவருத்து நாள் முழுவதும் தண்ணீரே குடிக்காத பெண்பிள்ளைகள் உண்டு. சாயங்காலம் என் வீட்டுக்கு வந்ததும் செம்பு செம்பாகக் குடிப்பதை வைத்துத்தான் எனக்கே தெரியும். அடிக்கிறார்களா, கணக்குக்கு ஆள் இல்லாமல் மாதக்கணக்கில் வகுப்பு சும்மா கிடக்கிறதா, இவையெல்லாம் உடனே பள்ளிக்குப் போய்க் கேட்க வேண்டியவை. அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் பெரும்பகுதி பெற்றோர்தான், தலைவரும் ஒரு தாய்தான். கூட்ட நாளில் அரைநாள் கூலி போகும் என்று யாரும் போவதில்லை. அந்தக் கூலிக்கு மேல் டியூஷனுக்குக் கொடுக்கிறார்கள்.

பணத்தைப் பற்றி நம் பக்கத்துக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகளை இழுத்து மூடினார்கள், மாதக்கணக்கில் திறக்கவில்லை. நான் பார்த்தவரை அந்த வருஷம் நடுவிலேயே நின்ற பிள்ளைகள் எல்லாரும் ஆபீஸில் அட்வான்ஸ் வாங்கிப் பெரிய பள்ளியில் சேர்த்த வீட்டுப் பிள்ளைகள். சொந்தக்காரன் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று தாங்கமுடியாத பீஸில் சேர்த்து, மூன்றாம் வருஷம் இறக்கிவிடுவதுதான் பிள்ளையை அதிகம் உடைக்கிறது. ஒரு வருஷம் ஆலையே ஓடாவிட்டாலும் கட்ட முடியுமா என்று பார்த்துச் சேர்த்துவிடுங்கள். இடையில் மாற்ற நேர்ந்தால் பயப்படவும் வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை, டி.சி. வரத் தாமதம் என்பதற்காக அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. டி.சி. பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024-ல் சொல்லிவிட்டது.

மே மாதக் கவலைக்கு நியாயமான வகுப்பு ஒன்று உண்டு, ஆறாம் வகுப்பு. மருத்துவப் படிப்பில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021-லும் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளியில் பீஸ் இல்லை, இலவசப் புத்தகம் வருகிறது, அதனால் அதுவும் அரசுப் பள்ளிதான் என்று இங்கே நிறையப் பேர் நினைக்கிறார்கள். இந்த ஒதுக்கீட்டுக்கு அது சேராது. உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் தரும் புதுமைப்பெண் திட்டத்திலோ, உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் பிறகு சேர்த்தார்கள். ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த ஒரு விஷயத்தைப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் மதினி சொன்னது: "உங்க மக காலேஜ் போயிட்டா, இனிமே நீங்க என்ன வேணாலும் சொல்லலாம். என் பையன வச்சு நான் சோதிச்சுப் பாக்க முடியுமா?" அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அண்ணன் மகன் வரும் ஜூனில் புதுப் பள்ளிக்குப் போகிறான், பீஸும் கட்டியாகிவிட்டது. ஆகஸ்ட் வந்ததும் அவன் கணக்கு நோட்டை எனக்குக் காட்டுங்கள் என்று மட்டும் மதினியிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.