காத்திருப்போரின் கதகதப்பு

நுழையும்முன்

விளையாட்டு என்றவுடன் ஓடும் கால்களும் பாயும் பந்தும் ஆர்ப்பரிக்கும் கூட்டமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆடுகளத்தின் ஓரத்தில் தம் முறைக்காகக் காத்திருக்கும் வீரர்களை நாம் பெரிதும் கவனிப்பதில்லை. கடுங்குளிர் நிலவும் நாடுகளில் அக்காத்திருப்பே ஒரு சோதனையாகிவிடுகிறது. அவர்கள் அமரும் இருக்கையைச் சூடாக வைத்திருக்கும் முயற்சியில் இயற்பியலும் உடலியலும் மனித அக்கறையும் ஒன்றுசேர்வதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பனியில் ஓர் ஆட்டம்

1967 டிசம்பர் 31. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள கிரீன் பே நகரின் லாம்போ அரங்கில் அமெரிக்கக் கால்பந்துத் தொடரின் இறுதியாட்டம் நடைபெற்றது. கிரீன் பே பேக்கர்ஸ், டல்லாஸ் கௌபாய்ஸ் ஆகிய அணிகள் மோதின. ஆட்டம் தொடங்கியபோது வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் 25 டிகிரி செல்சியஸ். நடுவர்களின் விசில்கள் உறைந்துபோயின. எஞ்சிய ஆட்டத்தை அவர்கள் குரல் கொடுத்தே நடத்தினர். கிரீன் பே அணி 21–17 என்ற புள்ளிக்கணக்கில் வென்ற அந்த ஆட்டம், விளையாட்டு வரலாற்றில் 'பனிக்கிண்ணம்' என்றே பெயர் பெற்றது.

அந்த அரங்கின் தரைக்கடியில் அவ்வாண்டுதான் மின்சூட்டுக் கம்பிகள் பதிக்கப்பட்டிருந்தன. தரை உறையாமல் காக்கும் என்று பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி அவற்றைப் பெரிதும் நம்பியிருந்தார். ஆனால், களத்தை மூடியிருந்த தார்ப்பாயை நீக்கியபோது, அதன் அடியில் தேங்கியிருந்த ஈரம் குளிர்காற்றுப் பட்டவுடன் உறைந்து பனிப்படலமாயிற்று. சூடேற்றும் கருவி இருந்தும் தரை கல்லாய் இறுகியது. வெப்பத்தை உண்டாக்குவது மட்டும் போதாது. அவ்வெப்பம் எவ்வழியே வெளியேறுகிறது, ஈரம் எங்கே தங்குகிறது என்பவற்றையும் வடிவமைப்பாளர் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு அந்நாள் சான்றாக நிற்கிறது. தரைக்குப் பொருந்தும் இவ்வுண்மை இருக்கைக்கும் பொருந்தும்.

தசையின் வெப்பமே திறன்

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணியின் தாக்கும் பிரிவு களத்தில் இருக்கும்போது, தடுக்கும் பிரிவு ஓரத்தில் அமர்ந்திருக்கும். கடிகாரக் கணக்கில் 60 நிமிடமே உள்ள ஆட்டம், இடைநிறுத்தங்களால் ஏறத்தாழ மூன்று மணி நேரம் நீளும். நாமறிந்த கால்பந்தாட்டத்திலோ மாற்று ஆட்டக்காரர் ஒரு மணி நேரத்திற்கும் மேல் காத்திருந்து, திடீரென ஒரு நொடியில் முழுவேகத்துடன் களமிறங்க நேரிடும்.

ஆட்டத்திற்கு முன் வீரர்கள் செய்யும் ஆயத்தப் பயிற்சி உடலைச் சூடேற்றுகிறது. ஓய்வில் ஏறத்தாழ 35 டிகிரியாக உள்ள தொடைத் தசையின் வெப்பநிலை, பயிற்சிக்குப் பின் 38 டிகிரிக்கு மேல் உயர்கிறது. சூடான தசை விரைவாகச் சுருங்கும். நரம்பின் கட்டளை அதனை விரைந்து சென்றடையும். தசையின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறும்போது தாவுதல், விரைந்தோடுதல் போன்ற செயல்களின் திறன் 4 முதல் 6 விழுக்காடு வரை மாறுகிறது என்று பெர்க், எக்புளோம் என்னும் ஆய்வாளர்கள் 1979ஆம் ஆண்டில் காட்டினர்.

உழைத்துப் பெற்ற இவ்வெப்பம் அமர்ந்திருக்கையில் கரைந்துபோகிறது. கால்பந்து வீரர்களிடம் மேற்கொள்ளப்பட்டு 2004இல் வெளியான ஆய்வு ஒன்று இதனை அளந்து காட்டியது. இடைவேளையில் அசையாமல் அமர்ந்திருந்த வீரர்களின் தசை வெப்பநிலை ஏறத்தாழ 2 டிகிரி குறைந்தது. அவர்களது விரைவோட்டத் திறன் 2.4 விழுக்காடு சரிந்தது. அதே இடைவேளையில் மிதமான பயிற்சி செய்தவர்களிடம் இச்சரிவு ஏற்படவில்லை.

இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆயத்தப் பயிற்சிக்கும் போட்டிக்கும் இடையே மிதிவண்டி வீரர்களின் தொடையைச் சூடாக வைத்திருக்கும் காற்சட்டையை ஆராய்ந்தனர். 2012ஆம் ஆண்டின் இலண்டன் ஒலிம்பிக்கில் பிரித்தானிய மிதிவண்டி வீரர்கள் அத்தகைய காற்சட்டைகளை அணிந்தனர். 2013இல் வெளியான ஆய்வில், அரைமணி நேரக் காத்திருப்பின்போது அவற்றை அணிந்தவர்களின் உச்சத் திறன், வழக்கமான காற்சட்டை அணிந்தபோது இருந்ததைவிட ஏறத்தாழ 9 விழுக்காடு மிகுந்திருந்தது. காத்திருக்கும் நேரமும் ஆட்டத்தின் ஒரு பகுதியே என்பதை இவ்வாய்வுகள் உணர்த்துகின்றன.

வெப்பம் வெளியேறும் வழிகள்

அமர்ந்திருக்கும் உடலிலிருந்து வெப்பம் நான்கு வழிகளில் வெளியேறுகிறது. இருக்கையைத் தொடும் தொடையும் தரையைத் தொடும் பாதமும் கடத்தலால் வெப்பத்தை இழக்கின்றன. உடலைச் சுற்றிப் படர்ந்திருக்கும் வெதுவெதுப்பான காற்றுப் படலத்தைக் குளிர்காற்று அள்ளிச் செல்வது சலனம். உடலைவிடக் குளிர்ந்த சுற்றுப்புறத்தை நோக்கி வெப்பம் அலையாகப் பரவுவது கதிர்வீச்சு. வியர்வையில் நனைந்த உடை உலரும்போது உடலின் வெப்பத்தை எடுத்துக்கொள்வது ஆவியாதல்.

எனவே, நல்ல இருக்கையின் முதற்பணி வெப்பம் தருவதன்று. வெப்பம் வெளியேறும் இந்நான்கு வாயில்களையும் அடைப்பதே. ஓட்டையுள்ள குடத்தில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் நிறையாது. ஓட்டையை அடைத்த பின் ஊற்றும் சிறிதளவு நீரும் வீணாகாது.

அடைத்தலே முதற்படி

அலுமினியத் தகட்டால் செய்த நீள்இருக்கை மழைக்கும் துருவுக்கும் அஞ்சாது. எனினும், அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். கடுங்குளிரில் அதன்மேல் அமர்பவரின் வெப்பத்தை அது இடைவிடாமல் உறிஞ்சும். அதன்மேல் நுண்ணறைகள் கொண்ட நுரைத் திண்டினைப் பொருத்தினால், அந்நுண்ணறைகளில் அடைபட்ட அசையாத காற்று வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும். திண்டு நீரை உறிஞ்சாததாக இருத்தல் வேண்டும். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வெப்பத்தைக் கடத்துவதால் நனைந்த திண்டு பயனற்றுப்போகும். நீர் வழிந்தோட இருக்கைக்குச் சற்றே சரிவு தேவை. பாதங்கள் உறைந்த மண்ணைத் தொடாதவாறு மரப்பலகையோ இரப்பர் விரிப்போ இடுவதும் இன்றியமையாதது.

காற்றைத் தடுப்பது இதனினும் பெரிய பயன் தரும். வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் 10 டிகிரியாக இருக்கும்போது, மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது சுழியத்திற்குக் கீழ் 20 டிகிரிபோல் உறைக்கும். பின்புறமும் இருபக்கமும் மேலும் மறைப்பு அமைத்து அக்காற்றைத் தடுத்துவிட்டால், எரிபொருள் ஏதுமின்றியே அந்த 10 டிகிரி வேறுபாட்டின் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். பார்வையாளரின் காட்சியை மறைக்காதிருக்க, ஒளி ஊடுருவும் கெட்டியான நெகிழித் தகடுகள் இதற்குப் பயன்படுகின்றன. அரங்கில் குளிர்காலக் காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்பதை முன்பே அறிந்து, அத்திசைக்கு முதுகு காட்டி இருக்கையை அமைப்பது இன்னும் சிறப்பு.

சூடேற்றும் முறைகள்

வாயில்களை அடைத்த பின்னரே வெப்பம் தரும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்று மூன்று முறைகள் வழக்கில் உள்ளன.

முதலாவது, மின்சூட்டு இருக்கை. மகிழுந்து இருக்கைகளில் உள்ளதுபோல் திண்டின் உள்ளே சூடேறும் இழைகளைப் பதிப்பர். ஐரோப்பியக் கால்பந்து அரங்குகளில் மாற்று ஆட்டக்காரர்களுக்கு இத்தகைய இருக்கைகளைக் காணலாம். உடலை நேரடியாகத் தொடுவதால் ஓர் இருக்கைக்கு ஏறத்தாழ 100 வாட் மின்திறனே போதும். ஆனால், தொடாத கைகளுக்கும் முகத்திற்கும் பயனில்லை.

இரண்டாவது, வெப்பக்காற்று இருக்கை. உட்கூடான நீள்இருக்கையின் ஓரத்தில் புரொப்பேன் போன்ற எரிபொருளால் இயங்கும் சூடேற்றியும் விசிறியும் இருக்கும். வெப்பக்காற்று இருக்கையின் உள்ளே பரவி, முதுகுப்புறத்திலும் பாதத்தருகிலும் உள்ள துளைகள் வழியே வெளிவரும். வெப்பக்காற்று மேலெழும் இயல்புடையது. ஆகவே, பாதத்தருகே விடப்படும் காற்று முழு உடலையும் தழுவிச் செல்லும். அமெரிக்கக் கால்பந்து அணிகளின் இருக்கைகளில், தலைக்கவசத்தைக் கவிழ்த்துச் சூடாக வைத்திருக்கும் முளைகளும் உண்டு. ஆயினும், திறந்தவெளியில் காற்றைச் சூடாக்கப் பல்லாயிரம் வாட் திறன் செலவாகும்.

மூன்றாவது, கூரையில் பொருத்தும் அகச்சிவப்பு விளக்கு. இது காற்றைச் சூடாக்காமல் உடலையே சூடாக்குவதால், வெப்பத்தைக் காற்று எளிதில் அடித்துச் செல்லாது. ஆனால், கதிர் படும் பக்கம் மட்டுமே சூடேறும். விலகி அமர்ந்தால் பயன் விரைவாகக் குறையும்.

அளவறிதல்

திருக்குறளின் 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' அதிகாரம், அரசரோடு பழகும் முறைக்குத் தீயில் குளிர்காய்பவரை உவமையாகக் காட்டுகிறது. மிக விலகினால் பயனில்லை; மிக நெருங்கினால் சுடும். இருக்கையின் வெப்பத்திற்கும் அதுவே அளவு.

மனிதத் தோல் 44 டிகிரி வெப்பத்தை ஏறத்தாழ 6 மணி நேரம் இடைவிடாமல் தாங்கினால் புண்படும். 60 டிகிரியிலோ சில நொடிகளே போதும். குளிரால் மரத்துப்போன தோலுக்குச் சூடு எளிதில் உறைக்காது. எனவே, வீரரின் உணர்வை மட்டும் நம்பாமல், வெப்பநிலை எல்லை மீறாதபடி தானே நிறுத்தும் கருவி ஒவ்வோர் இருக்கையிலும் இருத்தல் வேண்டும். மிகுவெப்பம் வியர்வையை வரவழைக்கும். வியர்த்த உடலுடன் களமிறங்கும் வீரர் முன்னினும் விரைவாகக் குளிர்ந்துபோவார்.

பனியும் மழையும் படும் இடமாதலால் மின்சூட்டு இருக்கைகளுக்குக் குறைந்த மின்னழுத்தமும், மின்கசிவு நேர்ந்தவுடன் இணைப்பைத் துண்டிக்கும் அமைப்பும் தேவை. எரிபொருள் சூடேற்றியின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கக்கூடும். நிறமும் மணமும் அற்ற அந்நச்சுவளி மறைப்புக்குள் தேங்காதவாறு புகைபோக்கியை வெளியே திருப்பிவிட வேண்டும்.

யாருக்காக இந்த இருக்கை?

முன்னணி வீரர் ஆடிக் களைத்து வந்து அமர்வார். அவர் உடலில் உழைப்பின் சூடு எஞ்சியிருக்கும். அணியின் கடைசி மாற்று வீரரோ தொடக்கம் முதல் அமர்ந்தே இருப்பார். மிகுதியாகக் குளிர்பவர் அவரே. முழு ஆட்டத்திலும் அழைப்பே வராமல் போகலாம்; கடைசி ஐந்து நிமிடத்தில் அழைப்பு வரவும் கூடும். அந்த ஐந்து நிமிடத்தில் குளிர்ந்த தசையோடு ஓடித் தடுமாறினால், பழி அவரைச் சேருமேயன்றி இருக்கையைச் சேராது. ஆதலால் இருக்கை வரிசையின் நடுவிடம் மட்டுமன்றி, காற்று மோதும் கடைக்கோடி இடமும் அதே கதகதப்புடன் உள்ளதா என்று அளந்து பார்ப்பதே வடிவமைப்பின் உண்மையான தேர்வு. விருந்தினராக வந்த எதிரணிக்கும் அதே வசதியை அளிப்பது விளையாட்டு அறம்.

எத்துணைச் சிறந்த இருக்கையும் இயக்கத்திற்கு ஈடாகாது. அது வெப்பம் குறைவதைத் தாமதப்படுத்தும். அவ்வப்போது எழுந்து ஓடிக் கைகால்களை உதறும் வீரரே தசையை முழுமையாக ஆயத்தமாக்குவார். இருக்கையும் வீரரும் தத்தம் கடமையைச் செய்யும்போது, காத்திருந்த ஒருவரின் திறமை குளிரில் வீணாகாமல் களத்தில் வெளிப்படும்.

தெரிந்து தெளிவோம்

தீயின் அருகே அமர்ந்து உடலைச் சூடாக்கிக்கொள்வதைத் தமிழில் 'குளிர்காய்தல்' என்கிறோம். வெயிலில் ஈரம் காய்வதுபோல், தீயில் குளிர் காய்ந்து நீங்குகிறது. வெப்பம் சேர்வதைவிடக் குளிர் அகல்வதையே இச்சொல் முன்னிறுத்துகிறது.

இலக்கணக் குறிப்பு

குளிர்காற்று – வினைத்தொகை
கடுங்குளிர் – பண்புத்தொகை
கைகால் – உம்மைத்தொகை
அசையாத காற்று – எதிர்மறைப் பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

அணிந்தனர் – அணி + த்(ந்) + த் + அன் + அர்
அணி – பகுதி. த் – சந்தி, 'ந்' ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி.

புணர்ச்சி விதி

கடுங்குளிர் – கடுமை + குளிர்
ஈறுபோதல் – கடு + குளிர்
இனமிகல் – கடுங்குளிர்

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி விளையாட்டுத் திடலில் காத்திருக்கும் வீரர்கள் அமரும் இடத்தைப் பார்வையிட்டு, அதில் செய்ய வேண்டிய மாற்றங்களைப் பட்டியலிடுக.
2. மரம், இரும்பு, நுரைத்திண்டு ஆகியவற்றைக் காலையில் தொட்டுப் பார்த்து, அவை வெவ்வேறு குளிர்ச்சி உடையனபோல் தோன்றுவதன் காரணத்தை வகுப்பறையில் கலந்துரையாடுக.

பயிற்சி

பலவுள் தெரிக
1. வியர்வையில் நனைந்த உடை உலரும்போது உடல் வெப்பத்தை இழக்கும் முறை –
அ) கடத்தல் ஆ) சலனம் இ) கதிர்வீச்சு ஈ) ஆவியாதல்

குறுவினா
2. லாம்போ அரங்கின் தரை உறைந்துபோனதற்குக் காரணம் யாது?
3. நுரைத்திண்டு நீரை உறிஞ்சாததாக இருக்க வேண்டும். ஏன்?

சிறுவினா
4. மூவகைச் சூடேற்றும் முறைகளின் நிறைகுறைகளை ஒப்பிடுக.
5. 'காத்திருக்கும் நேரமும் ஆட்டத்தின் ஒரு பகுதியே' – ஆய்வு முடிவுகளைக் கொண்டு விளக்குக.

நெடுவினா
6. 'வெப்பம் தருவதற்கு முன் இழப்பைத் தடுக்க வேண்டும்' என்னும் கருத்தைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.