கல்லாவில் அமர்ந்தே கரையும் முதல்



காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் அடைக்கிறோம். சரக்கு எடுத்துத் தருவது பையன்கள். மூட்டை சுமப்பது தொழிலாளர்கள். நம் கை மட்டும் கல்லாவுக்கும் கணக்கு நோட்டுக்கும் இடையே போய்வருகிறது. நானும் அப்படியே இருந்தவன். 58-ஆம் வயதில் காலில் ஏற்பட்ட ஆணிக்காயம் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. சோதித்தபோதுதான் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. அந்தப் பருவத்து மிளகாய், மல்லிக் கொள்முதல் முழுவதும் கைநழுவியது. என்னைப் போல் நட்டப்பட்டுக் கற்காதீர்கள்.

நடை

வாரத்திற்கு 150 நிமிடமாவது நடைபோன்ற மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள். ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. கடை திறக்குமுன் 10 நிமிடம், மதிய உணவுக்குப் பின் 10, இரவு உணவுக்குப் பின் 10 எனப் பிரித்துக்கொள்ளலாம். உண்டபின் நடந்தால் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைகள் எடுத்துச் செலவிடும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம்.

கடையிலேயே பயிற்சி

மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 10 தடவை எழுந்து அமருங்கள். மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை 15 தடவை உயர்த்தி இறக்குங்கள். கெண்டைக்கால் தசை இயங்கினால் காலில் தேங்கும் ரத்தம் மேலேறும்.

உணவு

கேழ்வரகு, கம்பு, கொள்ளு, பச்சைப்பயறு எல்லாம் நம் கடையில் உள்ளன. ஆனால் இரவு கடை அடைத்ததும் நாம் தேடுவது பரோட்டா! 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதையும் அளவோடு உண்ண வேண்டும். மிஞ்சினால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். பயறும் காய்கறியும் தட்டில் பாதிக்குமேல் இருக்கட்டும்.

உப்பு ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். நான்கு பேர் குடும்பத்துக்கு 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது? ஊறுகாய், அப்பளம், மிக்சரில் உள்ள உப்பு இந்தக் கணக்கில் சேரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இருப்புக் கணக்கு

மார்ச் 31-இல் சரக்கு இருப்பு எடுக்கிறோம். அன்றே உடலுக்கும் எடுப்போம். வெறும் வயிற்றில் சர்க்கரை 126-ஐயோ, ரத்த அழுத்தம் 140/90-ஐயோ எட்டினால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80-ஐயும் தாண்டக் கூடாது. நடக்கும்போது மார்பு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே நிறுத்திச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் செருப்பில்லாமல் நடக்கவே கூடாது. தினமும் இரவில் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரக்கில் போன முதலை அடுத்த பருவத்தில் மீட்கலாம். உடம்பாகிய முதல் போனால் எந்தச் சந்தையிலும் கொள்முதல் செய்ய முடியாது. இன்றிரவு கடை அடைத்ததும் வண்டியை எடுக்குமுன் பத்து நிமிடம் நடந்து பாருங்கள்.