எங்கே ஏறுவாய் என்று முதலில் சொல்

அன்புத் தங்கைக்கு,

ஆடி மழையில் கேரளத்துக் கோடஞ்சேரிக்குப் போய் கயாக் ஓட்டப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கும் கை துறுதுறுத்தது. படகை எந்த இடத்தில் இறக்கலாம், எந்த ஹெல்மெட் நல்லது என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். எங்கே கரையேறுவது என்று மட்டும் கேட்கவில்லை. அதையல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்? ஏறப்போகிற கரையை நேரில் போய்ப் பார்த்து, வண்டியை அங்கே நிறுத்திவிட்டு, அப்புறம் மேலே வா. தண்ணீரில் இருக்கும்போது எல்லாக் கரையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அங்கே ஓடும் சாலிப்புழாவும் இருவழிஞ்சிப்புழாவும் மலையிலிருந்து நேராக இறங்குகிற ஆறுகள். குறுகல், பாறை, சரிவு எல்லாமே அதிகம். 2013-இல் தொடங்கிய மலபார் நதித் திருவிழாவுக்கு வெளிநாட்டு வீரர்கள் அங்கே தேடி வருவது அதற்காகத்தான். "வீடியோவில் பார்த்தேன், சுலபமாகத்தான் இருந்தது" என்பாய். அது அன்றைய தண்ணீர். ஆற்றின் கடுமையை ஒன்றிலிருந்து ஆறு வரை தரம் பிரிப்பார்கள். நேற்று மூன்றாக இருந்த இடம், ராத்திரி மழைக்குப் பிறகு நான்காகிவிடும். நீ நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும். மலையில் கொட்டிய மழை வந்துகொண்டே இருக்கும். படகை இறக்குமுன் நீரோரமாக ஒரு கல்லைப் பார்த்து வை. படகுக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மூடுகிற ஸ்ப்ரே ஸ்கர்ட்டை மாட்டி முடிப்பதற்குள் அந்தக் கல் மூழ்கினால், மூட்டையைக் கட்டு. கோபப்படாதே.

ஸ்கர்ட் என்றதும் நினைவு வருகிறது. முதுகுப்பக்கம் முதலில் மாட்டி, பிறகு முன்பக்கம் இழு. இழுத்துத் திறக்கிற வார் வெளியே கிடக்கிறதா என்று கையால் தொட்டுப் பார். அவசரத்தில் அதை உள்ளே மடக்கிவிடுவார்கள். கவிழ்ந்து தலைகீழாகத் தொங்கும்போது தேடினால் கிடைக்காது.

பாறை மறைவில் தண்ணீர் திரும்பி அமைதியாகச் சுற்றும் இடத்திலிருந்து புறப்படு. படகின் மூக்கு ஓட்டம் வருகிற பக்கம் பார்த்து இருக்கட்டும். ஓட்டத்தைத் தொட்டதும் பயத்தில் உடம்பு தானாக ஓட்டம் வருகிற பக்கம் சாயும். அங்கேதான் புதியவர்கள் கவிழ்கிறார்கள். தண்ணீர் போகிற பக்கம் சாயடி, துணிந்து சாய்.

"எனக்குத்தான் நீச்சல் தெரியுமே, அக்கா!" தெரியும், மாமா கிணற்றில் நீ போட்ட ஆட்டத்தைப் பார்த்தவள்தானே நான். ஆனால் ஓடுகிற தண்ணீரில் விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்காதே. முழங்கால் ஆழம்தான் என்று காலை ஊன்றுவாய். பாறை இடுக்கில் பாதம் சிக்கும். பின்னாலிருந்து வரும் தண்ணீர் முகத்தைக் குப்புற அழுத்திவிடும். மல்லாந்து, பாதங்களை மேலே தூக்கி, ஓட்டம் போகிற பக்கம் நீட்டி மிதந்து போ. குறுக்கே மரம் விழுந்து கிடந்தால் மட்டும் இது நேர்மாறு. குப்புறத் திரும்பி, தலை முன்னே இருக்க வேகமாக நீந்தி, மரத்தின் மேல் ஏறு. தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், உன்னால் முடியாது. வளைவுக்கு அப்பால் தெரியவில்லையா, இறங்கி நடந்து போய்ப் பார். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

தனியாகப் போகாதே. குறைந்தது மூன்று பேர், ஆளுக்கொரு விசில், வீசுகிற கயிற்றுப்பை. கூட வரப்போகிற இரண்டு பேர் யார் என்று இந்த வாரமே எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா