இலையுதிர் காலத்திற்கு முன் ஒரு காய்கறிப் பாத்தி

ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடுகின்றன. மரத்தின் சத்து தளிருக்குச் செல்வதால் அக்காலத்தில் பால் குறைகிறது. பால் குறையவே நம் வருமானமும் குறைகிறது. கடையில் காய்கறிக்கு நாம் கொடுக்கும் பணமோ குறைவதில்லை. வருவது தெரிந்த இக்குறைவுக்கு முன்னதாகவே ஆயத்தமாவது அறிவுடைமை அன்றோ? அதற்கு வீட்டின் பின்புறத்துச் சிறு நிலமே போதும்.

நிலத்தைப் பண்படுத்துதல்

நவம்பர் இறுதியில் வேலையைத் தொடங்குவோம். லாலான் புல்லை வேரோடு அகற்றி, மண்ணை ஓர் அடி ஆழம் கொத்திவிட வேண்டும். நம் நாட்டு மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை உடையது. ஆகவே, சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி வேளாண்மைச் சுண்ணாம்பைத் தூவிக் கலக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்தே மக்கிய சாணத்தையோ கோழி எருவையோ இடவேண்டும். இரண்டையும் ஒன்றாக இட்டால் எருவின் தழைச்சத்து ஆவியாகி வீணாகும். ஆண்டிறுதி மழையில் வேர் அழுகாதிருக்க, நான்கடி அகலமும் முக்கால் அடி உயரமும் கொண்ட மேட்டுப் பாத்திகளே ஏற்றவை.

விதைத்தல்

வெண்டையும் பயற்றங்காயும் விதைத்த 45 முதல் 50 நாள்களில் காய்க்கும். எனவே டிசம்பர் நடுவில் அவற்றை விதைத்தால், பால் குறையும் வேளையில் காய் பறிக்கலாம். கீரையும் கங்கோங்கும் ஏறத்தாழ 30 நாள்களில் பறிப்புக்கு வரும். அவற்றை ஒரே நாளில் விதைக்காமல், ஜனவரி முதல் இரண்டு வாரத்திற்கு ஒரு பாத்தியாக விதைத்தால் இடைவிடாது கிடைக்கும். வேலியோரம் ஒரு முருங்கைக் கொம்பை நட்டுவிட்டால் அது பல்லாண்டு பயன் தரும்.

பராமரித்தல்

வறண்ட நாள்களில் காலையும் மாலையும் நீர் ஊற்றுவோம். அரிசி கழுவிய நீரும் செடிக்கு ஆகும். சவர்க்கார நீர் ஆகாது. உதிர்ந்த ரப்பர் இலைகளைச் செடியைச் சுற்றிப் பரப்பினால் ஈரம் காயாது. பின்னர் அவையே மக்கி உரமாகும். நீர் சேமிக்கும் வாளிகளையும் பீப்பாய்களையும் இறுக மூடிவைப்போம். இல்லையேல் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அவற்றில் பெருகும்.

உதிரும் இலை நம் வருமானத்தைக் குறைக்கிறது. அவ்விலையே நம் பாத்தியை வளமாக்குகிறது. இவ்வாண்டு பிள்ளைகளையும் உடன் சேர்த்து ஒரு பாத்தியேனும் அமைப்போமாக!