மலையில் குடியிருந்த இருவர்

வேதபாடம்
வாசிக்க: யோவான் 1:14, யோவான் 12:24, ரூத் 1:16-18

கர்த்தருக்குள் பிரியமான பங்காளர்களே,

தேவகுமாரன் மனுஷராய் வந்து நம் நடுவில் குடியிருந்ததை யோவான் தன் சுவிசேஷத்தின் தொடக்கத்திலேயே எழுதுகிறார். அவர் வந்து பார்த்துவிட்டுப் போகவில்லை, குடியிருந்தார். ஊழியத்தில் "போவது" எவ்வளவு முக்கியமோ, "தங்குவது" அதைவிட முக்கியம். இதை விளங்கிக்கொள்ள, நம் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் வாழ்ந்த ஒரு மிஷனரி தம்பதியாரின் வாழ்க்கையைத் தியானிப்போம்.

1. கல்யாண நாளில் மலையேற்றம்

ஜெஸ்ஸி பிராண்ட் 1907-ல் இங்கிலாந்திலிருந்து மிஷனரியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர். அவர் பட்டம் பெற்ற டாக்டர் அல்ல. வெப்பநாடுகளின் நோய்களைப் பற்றி ஓராண்டு மட்டும் பயிற்சி பெற்றிருந்தார். எவ்லின் ஹாரிஸ் லண்டனில் வசதியான வீட்டுப் பெண், ஓவியம் கற்றவர். இவர்கள் இருவருக்கும் 1913 ஆகஸ்டில் சேந்தமங்கலத்தில் விவாகம் நடந்தது. விருந்துக்கும் ஓய்வுக்கும் காத்திராமல் அன்றே மலையேறினார்கள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிற அந்த மலையில், அன்று ரோடு கிடையாது. கால்நடையாய், அல்லது டோலியில், அல்லது மட்டக்குதிரையில்தான் பயணம். காய்ச்சலுக்குப் பயந்து சமவெளி ஜனங்கள் அங்கே இரவு தங்கவே அஞ்சுவார்கள்.

வாழவந்தியில் அவர்களுக்காக ஒரு மரவீடு ஆயத்தமாயிருந்தது. அதன் பலகைகளைச் சமவெளியில் அறுத்து, சுமைகாரர்கள் தலைச்சுமையாக மேலே கொண்டுசேர்த்தார்கள். கறையான் ஏறாதபடி வீட்டுத் தூண்களின் மேல் தகரத் தட்டுகளைக் கவிழ்த்து வைத்தார் ஜெஸ்ஸி. இந்த வரலாற்றை வாசிக்கிறவர்கள் பிராண்ட் தம்பதியாரின் பெயரை அறிவார்கள். பலகை சுமந்தவர்களின் பெயரோ யாருக்கும் தெரியாது. அவர்கள் சுமக்காவிட்டால் அந்த வீடு இல்லை, அந்த ஊழியமும் இல்லை.

2. புழுவும் கிணறும்

அவர்களுடைய அன்றாட வாழ்க்கை காலையில் திண்ணையில் தொடங்கும். பல்வலிக்காரருக்குப் பல் பிடுங்குவது, சீழ்க்கட்டியைக் கீறுவது, காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது. பிறகு கிராமம் கிராமமாய் நடை. அங்கே ஜனங்களை மிகவும் வாட்டியது நரம்புச் சிலந்திப் புழு. அது ஒரு வருஷகாலம் உடம்புக்குள் வளர்ந்து, காலில் கொப்புளமாகி வெளியே தலைநீட்டும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்து சீழ் பிடிக்கும். ஆகவே ஒரு சிறு குச்சியில் சுற்றி, நாளுக்கு நாள் கொஞ்சங்கொஞ்சமாய் எடுக்கவேண்டும். ஜெஸ்ஸி பொறுமையாய் அப்படியே எடுத்தார்.

ஆனால் அதோடு அவர் நிற்கவில்லை. புண்ணின் எரிச்சல் தீர நோயாளி தண்ணீருக்குள் காலை வைக்கும்போது புழு தன் குஞ்சுகளை அதிலே விட்டுவிடுகிறது. அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்கு அடுத்த வருஷம் அதே நோய். எனவே ஒருவரும் உள்ளே இறங்கமுடியாதபடி, சுற்றுச்சுவர் வைத்த கிணறுகளைக் கட்டினார். தச்சு, நெசவு, ஓடு செய்தல், மல்பெரி வளர்ப்பு ஆகியவற்றையும் மலைவாசிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். 1996-க்குப் பின் இந்தியாவில் ஒருவருக்கும் அந்தப் புழு வரவில்லை. 2000-ல் நம் தேசம் அதிலிருந்து விடுதலை பெற்றதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த ஜெயத்துக்கு அடிப்படை, பாதுகாப்பான குடிதண்ணீர்.

3. கஞ்சிப் பானை

முதல் சில ஆண்டுகள் பிரசங்கத்துக்கு ஏறக்குறைய பலனே இல்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவர் கடுமையாய் எதிர்த்தார். 1918-19-ல் உலகமெங்கும் பரவிய இன்புளுயன்சா மலைக்கும் வந்தது. உற்றார் பயந்து ஓடிய வீடுகளுக்குத் தம்பதியார் கஞ்சி காய்ச்சி எடுத்துச் சென்றார்கள். அந்தப் பூசாரியும் மனைவியும் மரணப்படுக்கையில் கிடந்தபோது, அவர்களையும் பராமரித்தார்கள். எதிர்த்தவரே தன் பெண்குழந்தையை இவர்கள் கையில் ஒப்புவித்துவிட்டு மரித்தார். குழந்தைக்கு ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். அதற்குப் பிறகே மலையில் மனங்கள் திறந்தன.

4. கொடுத்த விலை

பிள்ளைகள் பால், கான்னி இருவரையும் 1923-ல் படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கூட்டிச்சென்று, அங்கே உறவினரிடம் விட்டுத் திரும்பினார்கள். பாலுக்கு அப்போது வயது 9. அவன் தகப்பன் முகத்தை மறுபடியும் காணவேயில்லை. 1929 ஜூனில் ஜெஸ்ஸி, சிறுநீர் கறுத்துப்போகும் கொடிய மலேரியாவினால் 44-ஆம் வயதில் மரித்தார். மரணச் செய்தி தந்தியில் வந்து சேர்ந்தபின், தகப்பன் முன்னே எழுதியிருந்த கடிதம் கப்பலில் வந்தது. பிரியமானவர்களே, இதை லேசாய்ச் சொல்லிக் கடந்துபோகக் கூடாது. ஊழியத்தின் விலையை ஊழியர்கள் மட்டுமல்ல, அவர்கள் பிள்ளைகளும் செலுத்துகிறார்கள். நம் நர்சுகள், டாக்டர்களின் பிள்ளைகளுக்காகவும் ஜெபிக்கிறோமா?

எவ்லின் அம்மையார் மலையைக் கைவிடவில்லை. ஏறக்குறைய 70 வயதில் மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவரோ தன் சொந்தப் பொறுப்பில் மறுபடியும் மலைக்குப் போனார். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்மலை என்று மட்டக்குதிரையில் சுற்றினார். இடுப்பெலும்பு முறிந்தபின்பும் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். 1974 டிசம்பரில் 95-ஆம் வயதில் மரித்து, வாழவந்தியில் கணவரின் பக்கத்தில் அடக்கம்பண்ணப்பட்டார். மகன் டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூருக்கு வந்து, குஷ்டரோகிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து புகழ்பெற்றார். நிலத்தில் விழுந்த கோதுமைமணி பலன் கொடுத்தது.

5. நமக்குரிய பாடம்

கொல்லிமலைக்கும் நம் கடற்கரைக்கும் வெகுதூரம். ஆனால் பாடம் ஒன்றே. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தபோது, படகும் வலையும் கறுத்துப்போயின. அநேகருக்குத் தோலில் அரிப்பு வந்தது. அரிப்புக்குக் களிம்பு கொடுப்பது புழுவைக் குச்சியில் சுற்றுவது போன்றது. அதுவும் வேண்டும். ஆனால் கிணற்றுக்குச் சுவர் கட்டுவது எது என்றும் கேட்கவேண்டும். இருமலோடு வரும் குழந்தைக்கு மருந்து கொடுத்து, சாம்பல் பறக்கும் அதே காற்றுக்குத் திருப்பி அனுப்பினால் ஊழியம் பாதிதான்.

இப்படிப்பட்ட வேலைக்கு வருஷங்கள் பிடிக்கும். இந்த வருஷம் எத்தனை பேர், எத்தனை கட்டிடம் என்று எண்ணிக் காட்டுவது எளிதல்ல. முதல் சில ஆண்டுகளின் கணக்கைப் பார்த்து அந்தத் தம்பதியாருக்கு உதவியை நிறுத்தியிருந்தால், கஞ்சிப் பானை அடுப்பில் ஏறியிருக்காது. மாதந்தோறும் சிறு காணிக்கை அனுப்பும் விதவைத் தாய்மாரே, சபைகளே, நீங்களும் பலகை சுமந்தவர்களின் கூட்டத்தில் இருக்கிறீர்கள். மனுஷர் உங்கள் பெயரை எழுதாவிட்டாலும் கர்த்தர் அறிவார்.

சிந்திக்க:

1. பலன் தெரியாத வேலையை நாம் எத்தனை காலம் தாங்குவோம்?
2. நம்மை எதிர்க்கிறவர் வியாதிப்படும்போது கஞ்சி கொண்டுபோக நாம் ஆயத்தமா?
3. நம் சபைத் தெருவில் சுவரில்லாத கிணறு எது?

ஜெபம்: ஆண்டவரே, வந்துபோகிறவர்களாக அல்ல, ஜனங்களோடு குடியிருக்கிறவர்களாக எங்களை ஆக்கும். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
ஆஸ்பத்திரி சாப்ளின்