ராக்கெட் ஏன் சாய்கிறது?

வானம் தெளிவாக இருந்தால் போதும். பொன்னேரியில் பள்ளி மாடியில் நின்றே, வடக்கில் சுமார் 45 கி.மீ. தொலைவிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்புவதைப் பார்க்கலாம். சிறிது நேரத்தில் அது கடல் பக்கமாக வளையத் தொடங்கும். அப்போது கீழ் வகுப்புப் பிள்ளை யாராவது கட்டாயம் கேட்கும்: "சார், ராக்கெட் சாயுது, விழுந்துடுமா?"

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். ராக்கெட்டின் வேலை மேலே போவது மட்டும்தான் என்று பெரிய வகுப்பு மாணவர்களும் நினைக்கிறார்கள். வரையச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் செங்குத்தாகவே வரைவார்கள்.

நிலை ஆற்றலும் இயக்க ஆற்றலும் படித்த வகுப்பில் ஒரு கணக்குக் கொடுக்கலாம். ஒரு கிலோ நிறையை 356 கி.மீ. உயரத்துக்குத் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 35 லட்சம் ஜூல். (மேலே போகப் போக ஈர்ப்பு குறைவதால் சரியான மதிப்பு 33 லட்சம்.) அதே உயரத்தில் வட்டப்பாதையில் சுற்ற வினாடிக்கு 7.7 கி.மீ. வேகம் தேவை. அதற்கான இயக்க ஆற்றல் 2 கோடியே 96 லட்சம் ஜூல். ஒன்பது மடங்கு! ஏறுவதற்கு ஆகும் செலவு சொற்பம். பக்கவாட்டில் ஓடுவதற்குத்தான் பெருஞ்செலவு. ராக்கெட் சாய்வது அதற்காகத்தான்.

அந்த வேகத்தில் போகும் செயற்கைக்கோளும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு வினாடியில் 4.4 மீட்டர் விழுகிறது, அதற்குள் 7.7 கி.மீ. முன்னே போய்விடுவதால், பூமியின் வளைவும் அதே 4.4 மீட்டர் கீழே இறங்கிவிடுகிறது. விழுந்தும் தரையைத் தொடுவதில்லை.

356 கி.மீ. என்று எடுத்ததற்குக் காரணம் உண்டு. 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பயணத்தில் இலக்கு அந்த உயரம்தான். அதில் போன ஆசாதிசாட்டின் கருவிகளை உருவாக்கியவர்கள் நாடெங்கும் உள்ள 750 பள்ளி மாணவிகள். மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகளும் அவர்களில் உண்டு. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வில் முடுக்கமானிகளின் அளவீடு குழம்பியது. அவை பழுதாகிவிட்டன என்று முடிவு செய்த கணினி மாற்று வழிக்குத் தாவியது. உயரம் கிடைத்தது, வேகம் கிடைக்கவில்லை. வட்டத்துக்குப் பதில் 356-க்கு 76 கி.மீ. என்ற நீள்வட்டம் அமைந்தது. கணக்கிட்டால், அதன் உச்சியில் வேகம் வினாடிக்கு 7.62 கி.மீ. குறைந்தது ஒரே ஒரு சதவீதம்! ஆனால் 76 கி.மீ. உயரத்திலுள்ள காற்றில் எந்தச் செயற்கைக்கோளும் தாக்குப்பிடிக்காது. அதில் சென்ற இரண்டுமே வீணாயின.

மாணவிகள் விடவில்லை. 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2, 450 கி.மீ. உயரப் பாதையில் சரியாகச் சேர்ந்தது.

பதினொன்றாம் வகுப்பில் ஈர்ப்பியல் நடத்தும்போது இங்கிருந்தே தொடரலாம். 450 கி.மீ. பாதையில் வேகம் 7.64 கி.மீ.தான். அதிக உயரம், ஆனால் குறைந்த வேகம். அப்படியானால் ஆற்றல் கூடியதா, குறைந்ததா? கிலோவுக்கு இயக்க ஆற்றல் 4 லட்சம் ஜூல் குறைகிறது. நிலை ஆற்றலோ 8 லட்சம் கூடுகிறது. அந்த இரட்டிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை வாய்பாட்டைப் பார்த்து அவர்களே கண்டுபிடிக்கட்டும்.